பிராக் நகரின் பழைய யூத இடுகாடு – ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதப் புகுவோர் அரசர்தம் சாசனங்களையும் அரசாங்கப் பத்திரங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். ஆட்சியுரிமையின்றிப் பிறர் ஆட்சியின்கீழ் ஒடுங்கி வாழ்ந்த ஒரு சமூகத்தின் அகவாழ்வை அறிய அவை மட்டும் போதா. அத்தகைய சமூகத்திற்கு இடுகாடே ஆவணக் களரியாக அமைதல் உண்டு. செக் நாட்டுத் தலைநகராகிய பிராக்கில், யோசெபொவ் என்னும் பகுதியிலுள்ள பழைய யூத இடுகாடு இதற்குத் தக்க சான்றாகும்.

உள்ளே நுழைவோர் முதற்கண் காண்பது கற்களின் நெருக்கமே. ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றன்மீதொன்று சாய்ந்தும் மண்ணுட் பாதி புதைந்தும் நிற்கின்றன. இந்நெருக்கத்திற்குக் காரணங்கள் இரண்டு. நகரின் ஒரு பகுதியில் அடைபட்டு வாழ்ந்த யூதரால் இடுகாட்டை வேண்டியவாறு விரிக்க இயலவில்லை. பழைய புதைகுழிகளை அகழ்ந்து அகற்றுதற்கு அவர்தம் சமய விதியும் இடந்தரவில்லை. ஆகவே, பழைய குழிகளின்மேல் மண்ணிட்டு உயர்த்திப் புதிய குழிகளை அமைத்தனர். அவ்வாறு செய்தபோது பழைய கற்களை மண்ணுள் மறையவிடாது மேலே எடுத்து நாட்டினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வெவ்வேறு நூற்றாண்டுக் கற்கள் இன்று அருகருகே நிற்பது இதனாலேயே. இடம் சுருங்கினும் பெயர் அழியலாகாது என்பதே அவர்தம் கருத்தாதல் வேண்டும்.

இங்கு நாட்டப்பெற்ற கற்களுள் காலத்தால் முந்தியது 1439ஆம் ஆண்டினது. அது மதகுருவும் புலவருமான அவிக்தோர் காராவின் கல். 1389இல் பிராக் யூதர் கொன்று குவிக்கப்பட்டமை குறித்து இரங்கற்பா இயற்றியவர் அவர். இறுதி அடக்கம் 1787இல் நிகழ்ந்தது. நகரினுள் பிணம் புதைத்தலை இரண்டாம் யோசேப்புப் பேரரசர் தடைசெய்தமையே அதற்குக் காரணம்.

கற்களில் எபிரேய எழுத்துகளோடு உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. ஆசி கூறும் கைகள் குருகுலத்தாரையும் நீர்க்குடுவை லேவியரையும் சுட்டும். விலங்குருவங்கள் பெரும்பாலும் பெயரைக் குறிப்பன. 1613இல் மறைந்த தாவீது கான்ஸின் கல்லில் வாத்து உருவம் உண்டு. ஜேர்மன் மொழியில் ‘கான்ஸ்’ என்பது வாத்தின் பெயர். யூதர் வரலாற்றையும் உலக வரலாற்றையும் ஒரே நூலில் எழுதி 1592இல் வெளியிட்ட இவர், வானியலறிஞராகிய கெப்ளருடனும் தொடர்புடையவர். சுவருக்குள் அடைபட்ட சமூகம் அறிவுலகிலிருந்து விலகியிருக்கவில்லை என்பதை இக்கல் உணர்த்துகின்றது.

இடுகாட்டை அடுத்துள்ள பின்காஸ் தொழுகைக்கூடத்தையும் காணாது இவ்வரலாறு நிறைவுறாது. நாஸிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதருள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள், 1954 முதல் 1959 வரை அதன் சுவர்களில் எழுதப்பட்டன. நிலத்தடி நீரின் கசிவால் 1968இல் கூடம் மூடப்பட்டது. பின்னர் அவ்வெழுத்துகளும் அழிந்தன. 1992 முதல் 1996 வரை அப்பெயர்கள் அனைத்தும் மீள எழுதப்பட்டன.

வெளியே நிற்போர்க்குக் கல் உண்டு. சுவரில் உள்ளோர்க்குக் கல்லுமில்லை, குழியுமில்லை. எனினும், புதையவிருந்த கல்லை உயர்த்தி நாட்டிய செயலும், அழிந்த பெயரை மீள எழுதிய செயலும் ஒன்றே. பெயரைக் காத்தலே இம்மக்கள் தம் வரலாற்றைக் காத்த முறை எனலாம்.