தாய்மொழிக்குக் கிடைத்த ஆசனம்

அரபு மதரஸாவில் நஹ்வு ஓதத் தொடங்கியவர்களுக்கு ‘ஆஜுர்ரூமிய்யா’ என்னும் சிறு நூலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மொரோக்கோ நாட்டு அறிஞர் இப்னு ஆஜுர்ரூம் (இறப்பு 1323) இயற்றிய அந்நூலை நாமும் இளமையில் உஸ்தாதின் முன் அமர்ந்து ஒப்பித்தவர்களே. அந்நூல் 1617ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் இலத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சேறியது என்பது பலருக்கு வியப்பளிக்கும். அதனினும் வியப்பு ஒன்றுண்டு. அரபு இலக்கணம் கற்பிக்கப்பட்ட அதே பல்கலைக்கழகத்தில், அந்நாட்டு மக்கள் வீட்டிலும் வீதியிலும் பேசிய டச்சு மொழிக்கு அன்று ஒரு பேராசிரியர் இல்லை. அவர் வருவதற்கு இன்னும் 180 ஆண்டுகள் இருந்தன!

லெய்டன் பல்கலைக்கழகம் 1575இல் நிறுவப்பெற்றது. ஐரோப்பாவின் ஏனைய பல்கலைக்கழகங்களைப் போன்றே அங்கும் இலத்தீனே கல்விமொழி. 1613இல் தாமஸ் எர்பேனியஸ் அங்கே அரபுப் பேராசிரியராக அமர்ந்தார். ஸ்பெயினில் பிறந்து மொரோக்கோவில் வாழ்ந்த அஹ்மத் இப்னு காசிம் அல்-ஹஜரீ என்னும் முஸ்லிம் அறிஞரை அவர் 1611இல் பிரான்ஸில் சந்தித்து, அவரிடம் அரபு பயின்றவர். வேத மொழியாகிய ஹீப்ருவை விளங்கிக்கொள்ளவும், மருத்துவ, கணித நூல்களைப் படிக்கவும், முஸ்லிம் நாடுகளோடு வாணிபம் செய்யவும் அரபு வேண்டியிருந்தது. தேவை இருந்தது, ஆசனமும் கிடைத்தது.

தாய்மொழியை அப்போது காத்தவர்கள் யாவர்? பெரும்பாலும் பல்கலைக்கழகத்திற்கு வெளியே இருந்தவர்களே. 1584இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கவிஞர் மன்றம் ஒன்று டச்சு இலக்கண நூலொன்றை வெளியிட்டது. கணித மேதை சைமன் ஸ்டெவின், அறிவியலுக்கு ஏற்ற மொழி டச்சே என வாதிட்டுப் புதுச் சொற்களைப் படைத்தார். கணிதத்துக்கு ‘விஸ்குண்ட’ என்று டச்சு மக்கள் இன்றும் வழங்கும் சொல் அவர் தந்ததே. கோட்டை கட்டும் பொறியாளர்களுக்கென 1600இல் லெய்டனில் தொடங்கிய பள்ளியில் டச்சு மொழியிலேயே பாடம் நடந்தது. 1637இல் அரசின் ஆணைப்படி வெளியான பைபிள் மொழிபெயர்ப்பு, வட்டார வழக்குகளுக்கு மேலான ஓர் எழுத்து நடையை நிலைபெறச் செய்தது. அந்நாட்டின் பெருங்கவிஞர் வொண்டலோ பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். காலுறை வணிகம் செய்தவர்.

இறுதியில் 1797இல் மத்தைஸ் சீகன்பேக் என்பார் லெய்டனில் டச்சு நாவன்மைப் பேராசிரியராக அமர்ந்தார். 1804இல் அவர் வகுத்த எழுத்துமுறையை அரசு ஏற்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் இலத்தீனின் கட்டாயத்தை நீக்கிற்று. எனினும் டச்சு தனிப் பட்டப் படிப்பாவதற்கு 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அண்டை நாடான பெல்ஜியத்திலோ டச்சு பேசுவோர் தம் மண்ணிலேயே பிரெஞ்சு மொழியில் பயில வேண்டியிருந்தது. நெடிய போராட்டத்தின் பின்னர், 1930இல்தான் கென்ட் பல்கலைக்கழகம் முற்றிலும் டச்சு மொழிக்கு மாறியது.

ஆசனம் கிடைத்ததன் பயன் என்ன? லெய்டன் பேராசிரியர் மத்தியாஸ் டி ஃப்ரீஸ் தொடங்கிய பேரகராதியின் முதற்பகுதி 1864இல் வெளிவந்தது. 1892இல் அவர் மறைந்தார். மாணவர்க்கு மாணவராகத் தொடர்ந்த அப்பணி, 134 ஆண்டுகள் கடந்து 1998இல் நிறைவெய்தியது. தாம் முடிக்க இயலாத பணியைப் பின்வருவோர் முடிப்பர் என்று நம்பி இறங்குவதற்கு அத்தகைய ஆசனம் வேண்டும். மேலும், அங்கே டச்சு இலக்கியம் பயில்வோர் தம் பெருமையை மட்டும் பயில்வதில்லை. ஜாவாவில் அதிகாரியாக இருந்த டெக்கர், ‘முல்தாதூலி’ என்ற புனைபெயரில் 1860இல் எழுதிய ‘மாக்ஸ் ஹாவெலார்’ நாவலையும் பயில்கின்றனர். ஜாவாவின் முஸ்லிம் உழவர்கள் டச்சு ஆட்சியில் பட்ட துயரத்தை டச்சு மொழியிலேயே உரைத்த நூல் அது. ஒரு சமூகம் தன் மனச்சாட்சியைத் தன் மொழியில்தான் முதலில் கேட்கிறது.

இவ்வளவும் நடந்தபின், 2019இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் சுதந்திரப் பல்கலைக்கழகம் டச்சு மொழியின் இளநிலைப் பட்டப் படிப்பை நிறுத்த முடிவு செய்தது. காரணம், சேர்ந்த மாணவர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதாக இருந்தமையே! மொழியைப் பேசுவோர் குறைந்துவிடவில்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். ஆயினும், “வீட்டில் பேசும் மொழியைப் படித்து என்ன ஆகப்போகிறது?” என்ற கேள்வி அங்கும் எழுந்துவிட்டது.

அன்று மாணவர் இருந்தும் ஆசனம் இல்லை. பின்னர் ஆசனம் இருந்தும் மாணவர் இல்லை. ஆசனத்தை அரசு தரலாம். அதன் முன் பிள்ளையை அமர்த்த வேண்டியது குடும்பம். அந்தக் கேள்வி நம் வீட்டுத் திண்ணையில் எழும்போது நாம் என்ன விடை கூறப்போகிறோம் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.