மலையைச் சுற்றி வருதல்

அப்பாவின் கருமக்கிரியை முடிந்த அன்று மாமா சொன்னார்: “பதினாறு நாள் ஆச்சுடா. இனிமே வேலையப் பாரு.” அன்றிரவுதான் எலியான் ராதீக்கைக் கேட்டேன்.

1932இல் பாரிஸில் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஏஆர்பி 2500 சிந்தசைசரை வாங்கியபோது, கீபோர்டை வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டார். மெட்டு வாசிப்பதற்கு அல்ல, ஒரு ஒலி மெதுவாக மாறுவதைக் கேட்பதற்கே அவருக்கு அந்தக் கருவி. பொறியாளனான எனக்கு அதன் கணக்கு புரியும்: 220 ஹெர்ட்ஸ் அலையோடு 220.1 ஹெர்ட்ஸ் அலையைச் சேர்த்தால், பத்து விநாடிக்கு ஒருமுறை ஒலி எழுந்து அடங்கும்.

திபெத்திய பௌத்தத்தைத் தழுவிய ராதீக், சாவுக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலைகளை வைத்து 1988இல் ‘கியேமா’வை முடித்தார். மறு வருஷமே மகன் ஈவ் அர்மான் கார் விபத்தில் இறந்தார். சாவைப் பற்றி அவ்வளவு யோசித்தவரின் வீட்டுக்கே சாவு வந்தது. 1991இல் ‘கைலாஷா’, 1993இல் ‘கூமே’. மூன்றும் சேர்ந்ததுதான் ‘மரண முத்தொகுதி’. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

கயிலாயம் என்றால் செத்தவர்கள் போய்ச் சேரும் இடம் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ‘கைலாஷா’வோ அந்த மலையை வலம் வரும் கற்பனை யாத்திரை. அங்கே யாத்ரீகர்கள் உச்சிக்கு ஏறுவதில்லை. 52 கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார்கள். துக்கமும் அப்படித்தான். தாண்டிப் போக முடியாது, சுற்றத்தான் முடியும்.

மாமாவின் கணக்கில் தப்பில்லை. ஆனா, பதினாறு நாளா வராத அழுகை அன்னைக்குத்தான் வந்துச்சு.