திருச்சானூர்க்காரர் முடித்து வைத்த சட்டம்

திருப்பதி போனால், மலையிறங்கி வந்து திருச்சானூரில் பத்மாவதித் தாயாரையும் சேவித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது நம் வீடுகளில் வழக்கம். லீவில் குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்களிடம் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லுங்களேன். மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார், 1891-ல் அங்கே பிறந்தவர். லோக்சபா சபாநாயகர் (1956-62) என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்போம். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஒரு வேலை.

சாதிக்கொரு தொழில் இருப்பது போல சிலருக்குத் திருட்டே குலத்தொழில் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் முடிவுகட்டி, 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. (சித்தூரும் அப்போது சென்னை மாகாணம்தான்.) ஒரு சமூகத்தின் பெயரை அறிவித்துவிட்டால் போதும், விசாரணை கிடையாது. கோர்ட்டில் கேள்வி கேட்கவும் வழியில்லை. கைரேகை, போலீஸிடம் ஆஜர், வெளியூர் போகச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இதில் உறைப்பது குறவர்களின் கதை. தெலுங்கில் எருகுலா என்பார்கள். உப்பையும் தானியத்தையும் பொதிமாட்டில் ஏற்றி ஊர் ஊராக விற்ற வியாபாரிகள் அவர்கள். அரசாங்கத்தின் உப்புக் கொள்கையும் ரயிலும் சேர்ந்து அந்த வியாபாரத்தை அழித்தன. பிழைப்புக்காக அலைந்தவர்களை, அலைவதே குற்றம் என்று அதே அரசாங்கம் பதிவேட்டில் ஏற்றியது. குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் 1913-ல் சால்வேஷன் ஆர்மியை வைத்து அவர்களுக்குக் குடியேற்றமும் அமைத்தார்கள். 'சீர்திருத்தம்' என்று பெயர்!

சென்னை மாகாணம் 1947-லேயே இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. மற்ற இடங்களுக்கு என்ன செய்வது என்று ஆராய 1949-ல் மத்திய அரசு போட்ட கமிட்டிக்குத் தலைவர் நம் அய்யங்கார். சுதந்திரப் போராட்டத்தில் தாமே ஜெயிலில் இருந்தவர். பிறப்பை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது, சட்டத்தை ரத்து செய்யுங்கள் என்றது 1950-ல் வந்த அறிக்கை. 1952 ஆகஸ்ட் 31 முதல் நாடு முழுவதும் ரத்தானது. அந்த மக்கள் அந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அதே அறிக்கை, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கு, சாதி பார்க்காத பொதுச் சட்டம் ஒன்று வேண்டும் என்றும் சொன்னது. வங்கி பாஷையில் சொன்னால், தெருவைப் பார்க்காதே, அவரவர் கணக்கைப் பார். காகிதத்தில் நியாயம்தான். ஆனால் சென்னையின் 1948 சட்டம் போல மாகாணங்கள் போட்ட 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் பழைய ஆட்கள் மீதே பாய்ந்தன. பழைய லெட்ஜருக்குப் புது அட்டை, அவ்வளவுதான். கமிட்டி இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சில மாநில ஜெயில் விதிகளில் அந்தச் சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் வாசகங்கள் அப்புறமும் கிடந்தன. சாதி பார்த்து வேலை பிரிப்பதும் இருந்தது. ஒரு பெண் பத்திரிகையாளர் போட்ட வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று சுப்ரீம் கோர்ட் அவை செல்லாது என்றது. கைதிகள் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது. விதிகளைத் திருத்த மாநிலங்களுக்குக் கொடுத்த கெடு மூன்று மாதம்.