மூளையில் அடைத்த இரத்தக்கட்டியை இழுத்து எடுத்த கதை



வரலாறுன்னு சொன்னாலே மன்னர்கள், போர்கள், விடுதலை, தேர்தல் இவைதாம் நம் நினைவுக்கு வரும். இந்த முறை ஒரு சிகிச்சையின் வரலாற்றைப் பார்க்கலாம். பக்கவாதம் வந்தவரின் மூளைத் தமனிக்குள் கருவியை அனுப்பி, அங்கே அடைத்திருக்கும் இரத்தக்கட்டியை வெளியே இழுத்து எடுக்கும் சிகிச்சை அது.

இதை ஏன் எடுத்துக்கொண்டேன்? இரண்டு காரணங்கள். வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ திடீர்னு ஒரு கை விழுந்துபோனால், "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று சொல்கிற பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அது ஒன்று. இன்னொன்று, தேர்வுக் கட்டுரையில் நாம் "கண்டுபிடித்தார்கள், வெற்றி பெற்றார்கள்" என்று நேர்கோட்டில் எழுதிவிடுகிறோம். உண்மையான வரலாறு அப்படிப் போவதில்லை. இந்தச் சிகிச்சை ஒரு கட்டத்தில் தேர்வில் தோற்றுப்போன மாணவன் மாதிரி நின்றது. அந்தத் தோல்விதான் இந்தக் கட்டுரையின் மையம்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

பழைய கிரேக்கர்கள் இந்நோயை "அடித்து வீழ்த்தப்படுதல்" என்ற பொருளில் 'அபோப்ளெக்ஸியா' என்றார்கள். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரோக்' என்பதும் அடிதான். தமிழில் பக்கவாதம் என்கிறோம். உடம்பின் ஒரு பக்கம் விழுவதை நம் சொல் காட்டுகிறது. ஆனால், அடித்தது யார்? 1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து எழுதிய நூலில் இரத்தக் கசிவைக் காரணமாகக் காட்டினார். மூளைக்குப் போகும் தமனியில் அடைப்பு வந்தாலும் இப்படி ஆகலாம் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ஷோ, ஓரிடத்தில் உருவான இரத்தக்கட்டி பெயர்ந்து போய் இன்னோர் இடத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதை விளக்கினார்.

அடைப்புதான் காரணம்னு தெரிந்துவிட்டது. அப்படியானால் எடுத்துவிடலாமே? அவ்வளவு எளிதல்ல. அது மண்டையோட்டுக்குள்ளே, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, வளைந்து வளைந்து போகும் குழாயில் இருக்கிறது.

பாதை அமைத்தவர்கள்

முதலில் அந்தக் குழாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், தமனிக்குள் ஒரு கரைசலைச் செலுத்தி மூளை இரத்தக் குழாய்களை எக்ஸ்ரே படத்தில் தெரியவைத்தார். அடுத்து, உடம்பைப் பெரிதாக அறுக்காமல் உள்ளே போக வேண்டும். 1953இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், ஊசி வழியாகக் கம்பியை நுழைத்து, அந்தக் கம்பியின் மேல் மெல்லிய குழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். பிறகு கட்டியை இழுக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான தாமஸ் ஃபோகர்ட்டி, நுனியில் சிறு பலூன் வைத்த குழாயை உருவாக்கினார். பலூனை அடைப்புக்கு அப்பால் கொண்டுபோய், ஊதி, பின்னால் இழுத்தால் கட்டியும் கூடவே வரும். முதல் பலூனை அறுவைக் கையுறையின் விரல் நுனியில் வெட்டி, தூண்டில் போடுபவர்கள் இடும் முடிச்சுப் போட்டுக் கட்டினாராம்! ஆனால் அது கால் போன்ற உறுப்புகளின் தமனிகளுக்கு. மூளைத் தமனி அதைத் தாங்காது.

அதனால் மூளைக்கு முதலில் வந்தது மருந்துதான். டி.பி.ஏ. எனப்படும், கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்திற்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. 1996இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. இன்றும் அது முக்கியமான மருந்து. ஆனால் பெரிய தமனியில் பெரிய கட்டி அடைத்திருந்தால் பல நேரம் மருந்தால் மட்டும் கரைக்க முடிவதில்லை. அண்மையில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் போன்ற சிலருக்கு மருந்தைக் கொடுக்கவும் முடியாது.

கருவி வந்தது, கைத்தட்டலும் வந்தது

2004இல் அமெரிக்காவில் 'மெர்சி' என்ற கருவிக்கு அனுமதி கிடைத்தது. சுருள்கம்பி போன்ற அதன் நுனி கட்டியைச் சுற்றிப் பிடித்து இழுக்கும். அடுத்து, கட்டியை உறிஞ்சி எடுக்கும் 'பெனம்ப்ரா' வந்தது. 2008இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மருத்துவர்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள். இரத்தக் குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை தருவதற்காகச் செய்யப்பட்ட 'சொலிடேர்' என்ற வலைக்கூடு அவர்கள் கையில் இருந்தது. அதைக் கட்டிக்குள் விரித்து, கட்டியோடு சேர்த்து வெளியே இழுத்தார்கள். இன்றைய வலைக்கூட்டுக் கருவிகளின் தொடக்கம் இதுதான்.

திரையில் பார்த்தால், அடைத்த குழாய் திறக்கிறது, இரத்தம் பாய்கிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? பல மருத்துவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். நோயாளிகளை ஒப்பீட்டு ஆய்வில் சேர்க்கவே சிலர் தயங்கினார்கள். இங்கே கொஞ்சம் நில்லுங்க. "குழாய் திறந்தது" என்பதும் "நோயாளி எழுந்து நடந்தார்" என்பதும் ஒன்றா? இல்லை. திறப்பதற்குள் மூளைப் பகுதி இறந்திருந்தால், திறந்து என்ன பயன்?

2013: தோல்வி

2013 பிப்ரவரியில் ஹொனலூலுவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் மூன்று ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வந்தன. மூன்றிலும் இந்தச் சிகிச்சைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. அவற்றில் பெரிய ஆய்வு, 656 பேரைக் கொண்ட ஐ.எம்.எஸ். 3. தமனி வழிச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 40.8 விழுக்காட்டினர் 3 மாதங்களில் பிறர் உதவியின்றி வாழும் நிலையை அடைந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 38.7 விழுக்காட்டினர். இது வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

"அப்போ இது வேலைக்கு ஆகாது" என்று மூட்டை கட்டியிருக்கலாம். "ஆய்வுதான் தப்பு" என்று கோபப்பட்டிருக்கவும் செய்யலாம். ஆராய்ச்சியாளர்கள் தோற்ற விடைத்தாளைத் திரும்பப் படித்தார்கள். மூன்று பிழைகள் தெரிந்தன. முதலாவது, பயன்பட்டவை பெரும்பாலும் பழைய கருவிகள். இரண்டாவது, பெரிய தமனியில் கட்டி இருக்கிறதா என்று படம் எடுத்து உறுதி செய்யாமலே பலரைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாவது, சிகிச்சை தொடங்க அதிக நேரம் ஆனது.

மறுசோதனை

நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 'மிஸ்டர் கிளீன்' என்ற ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. 500 நோயாளிகள். எல்லாருக்கும் பெரிய தமனியில் அடைப்பு இருப்பது படத்தில் உறுதியானது. 6 மணி நேரத்திற்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். கருவிச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய வலைக்கூடு பயன்பட்டது. யாருக்குக் கருவிச் சிகிச்சை, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. யோசித்துப் பாருங்க, அதில் ஒருவர் உங்கள் அப்பாவாக இருந்தால்? "எது நல்லது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது" என்று உண்மையாகச் சொல்லக்கூடிய மருத்துவரால்தான் அப்படி ஓர் ஆய்வை நடத்த முடியும்.

2014 அக்டோபரில் இஸ்தான்புல்லில் முடிவு அறிவிக்கப்பட்டது. பிறர் உதவியின்றி வாழும் நிலையை அடைந்தவர்கள் கருவிச் சிகிச்சைப் பிரிவில் 32.6 விழுக்காடு, மற்றப் பிரிவில் 19.1 விழுக்காடு. கனடா தலைமையிலான 'எஸ்கேப்' உட்பட மேலும் நான்கு ஆய்வுகள் 2015இல் இதையே உறுதிப்படுத்தின. ஐந்து ஆய்வுகளின் 1287 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, ஐந்து பேருக்கு இச்சிகிச்சை அளித்தால் ஏறக்குறைய இருவருக்கு ஊனம் குறைகிறது என்று காட்டியது.

பிறகு 2018இல் அச்சில் வந்த 'டான்' ஆய்வு, காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இன்னும் இருப்பது படத்தில் தெரிந்தால் 6 முதல் 24 மணி நேரத்திலும் பலன் கிடைக்கும் என்றது. இதைப் படித்துவிட்டு "24 மணி நேரம் இருக்கே" என்று நினைக்காதீங்க. அது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்குத்தான். அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டபடி, பெரிய தமனி அடைத்தால் சிகிச்சையில்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவர்களே, இந்த வரலாற்றை எழுதும்போது 2013ஐ விட்டுவிடாதீங்க. 2004இலிருந்து நேராக 2015க்குத் தாவினால் கதை அழகாக இருக்கும், ஆனால் காரணம் காணாமல் போய்விடும். ஏன் தோற்றது, எதை மாற்றினார்கள், அதனால் என்ன விளைந்தது என்று எழுதினால்தான் அது காரண விளைவுக் கட்டுரை. நல்ல எண்ணம் மட்டும் போதவில்லை. சரியான கருவி, சரியான நோயாளி, சரியான நேரம் மூன்றும் சேர்ந்தபோதுதான் வெற்றி வந்தது.

முதல் இரண்டையும் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் போதும். படுக்கவைக்காமல், கை கால் தேய்த்துக்கொண்டிருக்காமல், சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

வகுப்பில் கலந்துபேச:
1. 2013ஆம் ஆண்டின் முடிவுகளைத் தோல்வி என்பீர்களா, திருப்பம் என்பீர்களா? காரணங்களுடன் விளக்குக.
2. "கண்ணால் கண்டதே சான்று" என்ற கருத்தை இந்த வரலாற்றைக் கொண்டு ஆராய்க.