மலாயாவுக்கு வந்த காக்கையும் குயிலும்

குயில் கூடு கட்டுவதில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிட்டு, வளர்ப்பு வேலையை அதன் தலையில் கட்டிவிடும். பிறர் உழைப்பில் இனம் பெருக்கும் இதுவும் ஒட்டுண்ணி வாழ்க்கைதான். குயிலின் முட்டை சிறியது. நிறமும் புள்ளியும் ஏறத்தாழக் காக்கை முட்டையைப் போன்றவை. முந்திப் பொரிவதால் இரையில் முதற்பங்கு குயில் குஞ்சுக்கே. ஆனால் 1788இல் எட்வர்ட் ஜென்னர் விவரித்த ஐரோப்பியக் குயிலின் குஞ்சைப் போல, கூட்டிலுள்ள மற்றவற்றை அது முதுகால் தள்ளி வீழ்த்துவது வழக்கமன்று.

தமிழகத்தில் இது மிகப் பழைய உறவு; மலாயாவில் புதிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, காப்பித் தோட்டங்களின் புழுக்களை ஒழிக்கத் துரைமார் இலங்கையிலிருந்து காக்கைகளைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தனர். பின்னர் காப்பி போய் ரப்பர் வந்தது. காக்கை மட்டும் போகவில்லை. அதுவரை பெரும்பாலும் வலசையாக வந்துபோன குயில், கூடு கிடைத்ததும் தங்கிப் பெருகியது. சிங்கப்பூரில் இந்தப் பெருக்கம் 1980களுக்குப் பிறகே தெளிவாகத் தெரிந்தது. புழுவுக்காகப் போட்ட திட்டம் குயிலுக்குத்தான் பலித்தது எனலாம்.

ஆனால் மலாயாவின் எல்லாக் குயில்களும் காக்கையை நம்பியவை அல்ல. கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது மலைக்காட்டில் வேறு குயிலினங்கள் முன்பே இருந்தன. அவற்றுள் சுந்தா குயில் காக்கையை நாடுவதில்லை; கதிர்க்குருவி போன்ற சிறு பறவைகளின் கூடுகளிலேயே முட்டையிடுகிறது.