15 இணைப்பு, 25 பேர்: அமெரிக்கக் குடிநீர்ச் சட்டத்தில் பொறுப்பின் எல்லை

அமெரிக்காவில் ஒரு வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைச் சோதிக்கும் கடமை எவருக்கேனும் உண்டா என்பதைக் கூட்டரசுச் சட்டத்தில் தீர்மானிப்பது, அதை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்ற கணக்கு. 1974 டிசம்பர் 16 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், குறைந்தது 15 இணைப்புகள் கொண்ட அல்லது வழக்கமாக 25 பேருக்கேனும் நீர் வழங்கும் அமைப்பையே ‘பொதுக் குடிநீர் அமைப்பு’ என வரையறுக்கிறது. அந்த 25 பேருக்கு ஆண்டில் 60 நாளாவது நீர் வழங்கியிருக்க வேண்டும் என்பது விதிகளில் உள்ள நிபந்தனை. உடைமை யாருடையது என்பது பொருட்டல்ல. நகராட்சியும் தனியார் நிறுவனமும் சொந்தக் கிணறுள்ள பள்ளியும் இந்த ஒரே வரையறைக்குள் அடங்கும். எண்ணிக்கை, கண்காணிப்பின் அளவை முடிவுசெய்யத் தக்க அளவுகோல். கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவுசெய்ய அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரையறைக்கு முன்

குடிநீருக்கான முதல் கூட்டரசுத் தரவரம்புகள் 1914இல் கருவூலத் துறையின் பெயரில் வெளிவந்தன. நுண்ணுயிர்களைப் பற்றிய அந்த வரம்புகள், மாநில எல்லை கடக்கும் ரயில்களிலும் கப்பல்களிலும் பயணிகளுக்குத் தரப்பட்ட நீரை மட்டுமே கட்டுப்படுத்தின. ஊர்க் குடிநீர் மாநிலங்களின் பொறுப்பில் இருந்தது. பின்னர் வந்த திருத்தங்கள் தரத்தை விரிவாக்கினாலும் சட்டப்பிடி இந்த எல்லையைத் தாண்டவில்லை. 1969இல் பொதுச் சுகாதாரப் பணித்துறை நடத்திய ஆய்வில், ஆராயப்பட்ட அமைப்புகளில் ஏறத்தாழ 60 விழுக்காடே எல்லாத் தரவரம்புகளையும் நிறைவுசெய்தன. ஊர்க் குழாய் வரை கூட்டரசின் கை நீள இதுவும் ஒரு காரணம். எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு விடையாகவே 15, 25 என்ற எண்கள் வந்தன. நிர்வாகத்தின் வசதியையும் வலுவையும் ஒட்டி இட்ட கோடு அது; நோயியல் இட்ட கோடு அன்று.

உள்ளே உள்ள படிநிலை

கோட்டுக்கு உள்ளே சட்டம் நுட்பமாகவே இயங்குகிறது. ஆண்டு முழுதும் குடியிருப்போருக்கு வழங்குபவை சமுதாய அமைப்புகள். அதே 25 பேருக்கேனும் ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வழங்கும் பள்ளி, தொழிற்சாலை போன்றவை இரண்டாம் வகை. வழிப்போக்கர் வந்து போகும் பெட்ரோல் நிலையம், முகாம் திடல் போன்றவை மூன்றாம் வகை. ஆர்செனிக்கின் தீங்கு பல ஆண்டுகள் குடித்த பின்னரே வெளிப்படும். ஆகவே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அதன் வரம்பு முதல் இரு வகைகளையே கட்டுப்படுத்துகிறது. நைட்ரேட் கலந்த நீரோ கைக்குழந்தையைச் சில நாளிலேயே தாக்கக்கூடும். அதனால் நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பு மூன்று வகைகளுக்கும் பொது. ஆபத்துக்கேற்ற கடமை என்னும் இந்தத் தர்க்கம் செம்மையானது.

வரையறையைச் சுருக்கித் தப்பும் முயற்சிக்கு நீதிமன்றமும் இடந்தரவில்லை. கலிஃபோர்னியாவின் மிட்வே ஹைட்ஸ் வட்டார நீர் நிர்வாகம், தான் தருவது குடிப்பதற்கான நீரல்ல என்று வாதிட்டது. குளிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, பல் துலக்குவது ஆகியவையும் மனிதப் பயன்பாடே என்று 1988இல் தீர்ப்பு வந்தது. குழாய் மட்டுமன்றி, கட்டப்பட்ட கால்வாய் போன்ற வழிகளையும் 1996 திருத்தம் வரையறைக்குள் கொண்டுவந்தது.

வெளியே நிற்பவர்கள்

ஆனால் இந்த நுட்பமெல்லாம் கோட்டோடு நின்றுவிடுகிறது. சொந்தக் கிணற்றை நம்பியிருக்கும் ஏறத்தாழ 4.3 கோடி பேரின் தண்ணீருக்குக் கூட்டரசுத் தரவரம்பு எதுவும் பொருந்தாது. வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கும்போது, மேலே எத்தனை இணைப்புகள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆழம் குறைந்த வீட்டுக் கிணற்றுக்கே அது முதலில் வந்து சேர வாய்ப்பு மிகுதி. கிணறு வற்றினாலும் இதே நிலைதான். 2014 வறட்சியில் கலிஃபோர்னியாவின் கிழக்கு போர்ட்டர்வில்லில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வறண்டன. பக்கத்திலேயே நகரக் குழாய் இருந்தும் பல வீடுகளுக்கு லாரித் தண்ணீரும் புட்டித் தண்ணீருமே கிடைத்தன. அவ்வீடுகளை நகரக் குழாயோடு இணைக்கும் பணி பின்னரே நடந்தது.

வரையறைக்குள் வந்துவிட்டால் மட்டும் பாதுகாப்பு உறுதியா என்று கேட்கலாம். 2014 ஏப்ரலில் ஃப்ளின்ட் நகரம் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. அது பொதுக் குடிநீர் அமைப்பேதான். எனினும் அங்கே சோதனைப் பதிவுகள் இருந்தன, மீறப்பட்ட விதி இருந்தது, பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருந்தார்கள். தனிக் கிணற்று வீட்டில் மீறுவதற்கே விதி இல்லை.

மறுப்பும் மாற்றும்

வலுவான மறுப்பு செலவைப் பற்றியது. வயோமிங் தவிர எல்லா மாநிலங்களும் இச்சட்டத்தைத் தாமே செயல்படுத்துகின்றன. சுமார் 50,000 சமுதாய அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை சிறியவை; அவற்றைக் கண்காணிக்கவே ஆள் போதவில்லை. கோடிக்கணக்கான கிணறுகளுக்கு எங்கே போவது? முழு விதிகளையும் எல்லாருக்கும் விரிப்பதே ஒரே மாற்று என்றால்தான் இந்த மறுப்பு நிற்கும். இங்கிலாந்தில் பலர் பகிரும் தனியார் நீர்வழங்கலை உள்ளாட்சி ஐந்தாண்டுக்கொரு முறை ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். ஒற்றைக் குடும்பத்தின் கிணற்றை உரிமையாளர் கேட்டால் மதிப்பிட்டுத் தர வேண்டும். நியூ ஜெர்சியின் 2001ஆம் ஆண்டுச் சட்டம், வீடு விற்கும்போது கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்கிறது. வாடகை வீட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கலிஃபோர்னியா 2015 முதல், தடுமாறும் சிறு அமைப்பை அருகிலுள்ள பெரிய அமைப்போடு இணைக்க ஆணையிடலாம்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவு. தன் குடும்பத்தைத் தாண்டி ஒருவருக்கேனும் தண்ணீர் தருபவர் பதிவுசெய்து அடிப்படைச் சோதனை நடத்த வேண்டும். சொந்தக் கிணற்றுக்கு வீடு கைமாறும்போது சோதனை போதும். அதற்கு மேல் எத்தனை முறை, எந்தெந்த மாசுகளுக்கு என்பதை எண்ணிக்கை முடிவுசெய்யட்டும். உள்ளே மூன்று வகை பிரித்த சட்டத்துக்கு வெளியே நான்காவது வகை ஒன்றைச் சேர்ப்பது புதிய கொள்கை அன்று. தன் கொள்கையை இறுதிவரை கடைப்பிடிப்பதுதான்.