ஹாம்பர்க் மைதானத்துக் கடிகாரம்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் நாலு நாளாகக் கால்பந்துச் சண்டை. உங்கள் அபிமான அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, அடுத்த வருடம் கீழ் லீகுக்கு இறங்கிவிடுமோ என்று பயம். கோச்சைத் தூக்கினால் எல்லாம் சரியாகும் என்பது ஒரு கட்சி. கோச் என்ன செய்வார், ஆட்டக்காரர்களே சரியில்லை என்பது இன்னொரு கட்சி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் தங்கை மகன் எழுதுகிறான்: "மாமா, நீங்க சரித்திர வாத்தியார்தானே, தீர்ப்பு சொல்லுங்க."

தீர்ப்பெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இதே சண்டையைப் பல வருடம் போட்ட ஓர் ஊர் இருக்கிறது. அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவனால் எனக்கும் அந்தப் பைத்தியம் 2014-இல் தொற்றிக்கொண்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து எச்.எஸ்.வி. கிளப்பின் கதை அது.

முதலில் அதன் பெருமை. 1887-இல் வேர்விட்ட கிளப். மூன்று சிறு கிளப்புகள் 1919-இல் ஒன்றாகி இன்றைய பெயரைப் பெற்றன. ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகா 1963 ஆகஸ்ட் 24 அன்று 16 அணிகளோடு தொடங்கியபோது எச்.எஸ்.வி. அதில் ஒன்று. அந்த முதல் வருடமே 30 கோல் போட்டு அதிக கோல் அடித்தவர் அவர்களுடைய ஊவே சீலர். 1961-இல் இத்தாலியின் இன்டர் மிலான் பெரும் பணத்தோடு வந்து கூப்பிட்டும் போகாமல் சொந்த ஊரிலேயே இருந்துவிட்டவர். இன்றும் அந்த மைதானத்துக்கு வெளியே அவருடைய வலது பாதம், ஆளுயரத்தைத் தாண்டிய வெண்கலச் சிலையாக நிற்கிறது. முழு உருவம் கிடையாது, பாதம் மட்டும்தான். நம் ஊரில் சிலை வைப்பவர்கள் இந்த யோசனையைக் கவனிக்கலாம்.

பிறகு எர்ன்ஸ்ட் ஹாப்பல் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர் வந்தார். 1981 முதல் 1987 வரை, ஆறு வருடம் ஒரே ஆள். அவர் காலத்தில் லீகில் தொடர்ந்து 36 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 1983 மே 25 அன்று ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பிளாட்டினி, ரோஸ்ஸி, ஜோஃப் எல்லாம் இருந்த யுவென்டஸ். பத்து நிமிடம் ஆவதற்குள் பெலிக்ஸ் மகாத் தூரத்திலிருந்து அடித்த ஒரு கோல், 1-0, கோப்பை ஹாம்பர்க்குக்கு. மகாத் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

இப்போது கடிகாரம். தொடக்க வருடத்திலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காமல் லீகில் நிலைத்த ஒரே அணி என்ற பெருமை அவர்களுக்கு இருந்தது. அதைக் காட்ட 2001-இல் மைதானத்தின் மூலையில் ஒரு கடிகாரம் வைத்தார்கள். எத்தனை வருடம், எத்தனை நாள், மணி, நிமிடம், விநாடி லீகில் இருக்கிறோம் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். ரசிகர்கள் தங்கள் அணிக்கு வைத்த செல்லப் பெயர் டைனோசர். அதையே பொம்மை வேஷமாக்கி, பல வருடம் ஆட்டக்காரர்களுக்கு மசாஜ் செய்த ஹெர்மான் ரீகரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். மசாஜ்காரர் பெயரைச் சின்னத்துக்கு வைத்த கிளப் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் டைனோசர் என்ன ஆயிற்று என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதை யாரும் யோசிக்கவில்லை போலும்.

விதியைச் சொல்லிவிடுகிறேன். லீகில் இப்போது 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டம். கடைசி இரண்டு அணிகள் நேரே கீழே. 16-ஆம் இடத்து அணி, இரண்டாம் லீகில் மூன்றாவதாக வந்த அணியோடு சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டம் ஆடி, தோற்றால் கீழே.

2013-14 பருவத்தில் எச்.எஸ்.வி. 34 ஆட்டத்தில் வாங்கியது வெறும் 27 புள்ளி. வாங்கிய கோல் 75. ஃபிங்க் போய் மார்விக், மார்விக் போய் ஸ்லோம்கா என்று ஒரே பருவத்தில் மூன்று கோச்சுகள். ஆனாலும் அவர்களைவிட மோசமாக ஆட இரண்டு அணிகள் இருந்ததால் 16-ஆம் இடம். ஃபூர்த் அணியோடு சொந்த ஊரில் 0-0, அங்கே போய் 1-1. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதியால் தப்பினார்கள். இரண்டு ஆட்டத்திலும் ஜெயிக்காமலே பிழைத்துக்கொண்டார்கள்.

அது மே 18. சரியாக ஒரு வாரம் கழித்து, மே 25 அன்று, உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஜெர்மனியில் கிளப் என்பது உறுப்பினர்களின் சங்கம். சந்தா கட்டுகிறவருக்கு வாக்கு உண்டு. கால்பந்துப் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கி, 24.9 சதவீதம் வரை பங்குகளை வெளியாருக்கு விற்கலாமா என்பது கேள்வி. "உறுப்பினர் கூட்டத்தில் கத்திக் கத்தியே கிளப்பைக் கெடுத்தோம், தொழில் தெரிந்தவர்களிடம் விடுவோம்" என்றது ஒரு பக்கம். "இது நம் வீடு, வீட்டில் பங்கு விற்பதா" என்றது இன்னொரு பக்கம். ஏறக்குறைய 87 சதவீதம் பேர் விற்கலாம் என்றார்கள். பயத்தில் இருக்கிறவனிடம் வாக்குக் கேட்டால் அப்படித்தான் விழும்.

தோற்ற தரப்பில் சிலர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பழைய மூன்று கிளப்புகளில் ஒன்றின் பெயரான 'ஃபால்கே'யை எடுத்துக்கொண்டு அதே வருடம் புதுக் கிளப் தொடங்கி, லீக் வரிசையின் அடிமட்டத்திலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். நம் மாணவன் அன்று போனில் சொன்னான்: "சார், என்கூட வேலை பார்க்கிறவர் முப்பது வருஷ ரசிகர். சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டார். அவர் தம்பி கொடுக்கல. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல." எனக்கு அந்த அண்ணன் தம்பிதான் நினைவில் நிற்கிறார்கள். எனக்கு வாக்கு இருந்திருந்தால் அந்த 13 சதவீதத்தில்தான் போட்டிருப்பேன். ஆனால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன். முரண்பாடுதான், இருக்கட்டும்.

கம்பெனி ஆனதும் எல்லாம் சரியாயிற்றா? அடுத்த பருவத்தில் நான்கு கோச்சுகள். ஸ்லோம்கா, சின்பாவர், பிறகு விளையாட்டு இயக்குநர் நேபலே வந்து உட்கார்ந்து இரண்டு ஆட்டம் தோற்றார், கடைசியில் லபாடியா. மறுபடி 16-ஆம் இடம். 2015 ஜூன் 1, கார்ல்ஸ்ரூவில் இரண்டாம் ஆட்டம். 90 நிமிடம் முடிந்துவிட்டது, 1-0 என்று பின்னால் இருக்கிறார்கள். இன்னும் ஓரிரு நிமிடத்தில் கடிகாரம் நிற்க வேண்டும். அப்போது ஒரு ப்ரீ கிக். பெரிய நட்சத்திரமான வான் டெர் வார்ட் அடிக்கத் தயாராக நிற்கிறார். சிலி நாட்டுக்காரர் மார்செலோ தியாஸ் அவரிடம் "நாளைக்கு, நண்பா" என்று சொல்லிவிட்டுத் தானே அடித்தார் என்பது கதை. பந்து வலைக்குள். கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல், 2-1. அந்த ப்ரீ கிக்கே கொடுத்திருக்கக் கூடாது என்று கார்ல்ஸ்ரூக்காரர்கள் வயிறு எரிந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

2017-இலும் இதே நாடகம். கடைசி நாள், வோல்ஃப்ஸ்பர்க்கோடு 1-1. மாற்று ஆளாகச் சற்று முன்பு களமிறங்கிய வால்ட்ஷ்மிட் என்ற பையன் 88-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிப் போட்ட கோலில் தப்பினார்கள்.

பிள்ளைகளே, இங்கேதான் நான் நிறுத்திக் கேட்கிறேன். மூன்று முறை விளிம்புக்குப் போய்த் திரும்பியவன் என்ன பாடம் படிப்பான்? "நாம் விழமாட்டோம்" என்று படிப்பான். 2008-லிருந்து பத்து வருடத்தில் இடைக்காலப் பொறுப்பாளர்களையும் சேர்த்தால் பதினைந்துக்கும் மேல் கோச் மாற்றங்கள். புதிதாக வருகிறவர் தன் ஆட்டத்துக்கு ஏற்ற ஆட்களைக் கேட்பார். வாங்கித் தருவார்கள். ஆறு மாதத்தில் அவர் போய்விடுவார், ஆட்கள் சம்பளத்தோடு மிச்சம் இருப்பார்கள். அடுத்தவருக்கு அவர்கள் ஒத்துவரமாட்டார்கள். கடன் ஏறும். ஹாம்பர்க்கில் பிறந்த கோடீஸ்வரர் கூனே பணம் தருவார், கூடவே கருத்தும் தருவார். யாரும் ஐந்து வருடத் திட்டம் போடவில்லை. போட முடியவில்லை, மூலையில் விநாடி ஓடிக்கொண்டிருக்கிறதே. ஹாப்பல் காலத்தில் அவர்கள் எண்ணியது கோப்பைகளை. கடிகாரம் வந்தபிறகு எண்ணியது இருப்பை.

2017-18-இல் கிஸ்டோல் போனார். ஹொல்லர்பாக் வந்து ஏழு ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. மார்ச்சில், எட்டு ஆட்டம் மிச்சமிருக்கும்போது, இளைஞர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியான் டிட்ஸை உட்கார வைத்தார்கள். அவர் கோல்கீப்பர் பொல்லர்ஸ்பெக்கைப் பந்தைத் தூக்கி அடிக்காமல் காலால் தட்டி ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். டட்சுயா இட்டோ என்ற குள்ளமான ஜப்பானியப் பையனை ஓரத்தில் ஓடவிட்டார். எட்டில் நான்கு வெற்றி. ஆகவே, என் தங்கை மகனே, கோச் மாற்றம் பலன் தராது என்று நான் சொல்லவில்லை. தந்தது. ஆனால் அதற்குள் மீதமிருந்தது எட்டே ஆட்டம்.

2018 மே 12. கிளாட்பாக் அணியை 2-1 என்று வென்றார்கள். அதே நேரத்தில் வோல்ஃப்ஸ்பர்க் கோலோனை 4-1 என்று வென்றுவிட்டது. போன வருடம் எந்த அணியை முட்டித் தள்ளித் தப்பினார்களோ அதே அணி. ஆட்டம் முடியும் நேரத்தில் வடக்கு கேலரியில் ஒரு கூட்டம் பட்டாசையும் புகைக் குண்டுகளையும் களத்தில் எறிந்தது. கறுப்புப் புகை. ஆட்டம் நின்று, போலீஸ் வரிசையாக நின்றது. மைதானத்தின் மற்ற மூன்று பக்கமும் எழுந்து நின்று எறிந்தவர்களுக்கு எதிராகக் கத்தியது. பிறகு ஆட்டத்தை முடித்தார்கள். 54 வருடம், எட்டு மாதத்துக்கும் மேல்.

கடிகாரத்தை நிறுத்த மனமில்லாமல், கிளப் பிறந்த 1887-லிருந்து எண்ணும்படி மாற்றி ஓடவிட்டார்கள். 2019-இல்தான் ஒருவழியாகக் கழற்றினார்கள்.

ஒரே வருடத்தில் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாலாவது, நாலாவது, நாலாவது என மூன்று வருடம் போயிற்று. 2020-இல் கொரோனாவால் ஆளில்லாத சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தில் சான்ட்ஹவுசனிடம் 1-5. 2022-இல் மூன்றாவதாக வந்து ஹெர்த்தா பெர்லினோடு மோதல். பெர்லினில் 1-0 என்று ஜெயித்துவிட்டு வந்து சொந்த ஊரில் 0-2. அன்று ஹெர்த்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோச் யார் தெரியுமா? ஏதென்ஸில் கோல் போட்ட அதே மகாத்.

2023 இன்னும் கொடுமை. சான்ட்ஹவுசனில் ஜெயித்துவிட்டார்கள். போட்டியாளரான ஹைடன்ஹைம் ரெகன்ஸ்பர்க்கில் பின்தங்கியிருக்கிறது. ஒலிபெருக்கியில் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள், ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அந்த நேரத்தில் அங்கே கூடுதல் நிமிடங்களில் ஹைடன்ஹைம் இரண்டு கோல் போட்டது. 66 புள்ளியோடு மூன்றாவது, பிறகு ஸ்டுட்கார்ட்டிடம் இரண்டு ஆட்டத்திலும் அடி.

இந்த வருடங்களில் ரசிகர்கள் சண்டைக்குப் பொருள் டிம் வால்டர் என்ற கோச்சின் ஆட்டமுறை. கோல்கீப்பர் பெனால்டிக் கட்டத்தை விட்டு ஏறி வருவார், தற்காப்பு ஆட்டக்காரர்கள் முன்னே ஓடுவார்கள், பந்து பறிபோனால் பின்னால் யாரும் இல்லை. பார்க்க அழகு, இதயத்துக்கு ஆகாது. "வாரத்துக்கு ஒரு மாரடைப்பு சார்" என்பான் நம் மாணவன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் லீகிலும் 57,000 பேர் கொள்ளும் அந்த மைதானத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50,000-க்கு மேல் வந்தார்கள். எதை உயிர் போவதாகப் பயந்தார்களோ அது நடந்தபிறகும் வந்து உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

2024 நவம்பரில் பாவும்கார்ட் என்ற கோச் போனதும் உதவியாளராக இருந்த மெர்லின் போல்சினைத் தற்காலிகமாக வைத்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததில்லை. அதே ஊர்ப் பையன், சிறுவயதில் அதே வடக்கு கேலரியில் நின்று கத்தியவர். தற்காலிகம் நிரந்தரமாயிற்று. 2025 மே 10 அன்று உல்ம் அணி முதல் கோல் போட, இவர்கள் திருப்பி ஆறு போட்டு 6-1 என்று ஜெயித்து மேலே ஏறினார்கள். அந்தப் பருவத்தில் மொத்தம் 59 புள்ளி. இரண்டு வருடம் முன்பு 66 போதவில்லை, இந்த முறை 59 போதுமாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் களத்துக்குள் பாய்ந்ததில் பலருக்குக் காயம்.

ஊவே சீலர் அதைப் பார்க்கவில்லை. 2022 ஜூலையில் காலமாகிவிட்டார். இறங்கியதைப் பார்த்தவர், ஏறியதைப் பார்க்கவில்லை.

அன்று நம் ஊரில் நள்ளிரவு தாண்டி ஹாம்பர்க்கிலிருந்து போன் வந்தது. பின்னணியில் ஒரே சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. "சார், அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறாங்க" என்று மட்டும் கேட்டது. பேசிக்கொண்டார்களா என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.